தூரத்துக்கு அடிக்கும் விளக்கு

பட்டியலில் பதினோராவது பொருள் ஹெட்லாம்ப், தலையில் மாட்டுகிற விளக்கு. அதற்கு எதிரே, "ஆண்களுக்குக் கட்டாயம், பெண்கள் விரும்பினால்" என்று போட்டிருந்தது. ஓட்டக் குழு அனுப்பிய அந்த மின்னஞ்சலை ஆபீஸ் பிரின்டரில் எடுத்து வைத்துக்கொண்டு அந்த வரியை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். தண்ணீர் பாட்டில் எல்லாருக்கும் கட்டாயம். விசில் எல்லாருக்கும் கட்டாயம். இருட்டில் கண் தெரிவது மட்டும் பெண்களுக்கு விருப்பப்பட்டால் போதுமாம்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு என்று நாள் முழுக்கத் தேடிச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். சனி ஞாயிறுகளில் மலை ஏறுகிற, காட்டுப் பாதைகளில் ஓடுகிற ஒரு குழுவில் ஆறு மாதமாக இருந்தேன். அந்தக் குழு மாகடி ரோடு பக்கத்துப் பாறைக் குன்று ஒன்றில் முதல் தடவையாக இருட்டில் ஓட ஏற்பாடு செய்திருந்தது. அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பி, பொழுது விடிவதற்குள் உச்சிக்குப் போய்விட வேண்டும்.

குழுவை நடத்தியவர் சேலத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். போன் செய்து, அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கரிசனமாகவே பேசினார். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நீங்க நடுவுலதானே வரப்போறீங்க? முன்னாடி போறவங்க வெளிச்சம் இருக்கும், பின்னாடி வர்றவங்க வெளிச்சம் இருக்கும். தனியா ஒண்ணு வாங்கி என்ன பண்ணப் போறீங்க?"

"நான் நடுவுல வரப்போறேன்னு யார் சொன்னாங்க?"

"லேடீஸ் எப்பவும் நடுவுலதாங்க. சேஃப்டிக்காகத்தான்."

போனை வைத்துவிட்டு அந்தத் தாளில் "பெண்கள் விரும்பினால்" என்ற இரண்டு வார்த்தையையும் பேனாவால் அடித்தேன். அதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். விளக்கு வாங்கப் போகிறேன், அதுவும் நடுவில் போகிறவளுக்கான விளக்கு வேண்டாம்.

நான் ஓட ஆரம்பித்ததே இருட்டில்தான். அப்போது நாங்கள் பிரேசர் டவுனில் வாடகை வீட்டில் இருந்தோம். கம்பெனி பஸ் காலை ஏழு மணிக்குச் சர்ச் பக்கத்தில் நிற்கும். ஓசூர் ரோட்டு நெரிசலைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், திரும்பி வர இரண்டு மணி நேரம். எனக்கு என்று இருந்தது காலை ஐந்திலிருந்து ஆறு வரைக்கும்தான். அந்த வருஷங்களில் பெங்களூர் முழுக்கக் கேபிள் போடுகிறோம் என்று தெருத் தெருவாக வெட்டிப் போட்டிருந்தார்கள். நேற்று நன்றாக இருந்த தெருவில் இன்று இடுப்பளவு பள்ளம் இருக்கும். தெருவிளக்கு எரிகிற நாள் எரியும். ஒரு டிசம்பர் காலையில் அப்படி ஒரு பள்ளத்தில் விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்ட டாக்டர், இனிமேல் வெளிச்சம் வந்த பிறகு ஓடுங்கள் என்றார். வெளிச்சம் வந்த பிறகு நான் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன் என்று சொன்னேன். அப்படியானால் ஓடாதீர்கள் என்றார்.

கட்டுப் பிரித்த வாரமே மறுபடி ஓடினேன், கையில் டார்ச்சோடு. கையில் டார்ச் வைத்துக்கொண்டு ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கை வீசும்போது வெளிச்சமும் வீசும். சுவர், வானம், நாய், சுவர், வானம் என்று மாறி மாறித் தெரியும், கால் வைக்கிற இடம் மட்டும் தெரியாது. கையை ஆட்டாமல் ஓடினால் தோள் வலிக்கும். விளக்கு தலையில்தான் இருக்க வேண்டும் என்பது ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது.

எனக்கு விளக்கு தேவைப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இமயமலையில் மலையேற்றம் கற்றுத்தரும் ஒரு பயிற்சி நிலையத்துக்கு எழுதிப் போட்டு விண்ணப்பப் படிவம் வரவழைத்திருந்தேன். நாலு வாரப் பயிற்சி. பனியில் அதிகாலை இரண்டு மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டியிருக்கும் என்றும், விளக்கை அவரவர் கொண்டுவர வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. அங்கே ஆண், பெண் என்று பிரித்து எதுவும் எழுதவில்லை. ஆக, நான் வாங்குகிற விளக்கு ஓடும்போது ஆடக்கூடாது, குளிரில் சாகவும் கூடாது.

முதலில் போனது எஸ்.பி. ரோடு. ரேடியோ பாகங்களும் ஒயர்களும் தொங்கும் ஒரு சின்னக் கடையில், எலாஸ்டிக் பட்டையோடு ஒரு சீன விளக்கு கிடைத்தது. நான்கு பென்சில் பேட்டரியும் பல்பும் சேர்ந்து நெற்றியில் ஒரே கட்டியாக உட்கார்ந்தன. மறுநாள் காலை அதை மாட்டிக்கொண்டு ஓடினேன். பத்தடிக்கு ஒரு தரம் மூக்குக்கு இறங்கியது. அதைவிட மோசம், ஒவ்வொரு காலடிக்கும் அணைந்து அணைந்து எரிந்தது. உள்ளே பேட்டரி குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டுப்போகிறது. சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் என்னை ஏமாற்றப் பார்க்கவில்லை.

"மேடம், இது ஏரியில மீன் பிடிக்கிறவங்க வாங்குற மால். உக்காந்துக்கினு யூஸ் பண்றது. மாட்டிக்கினு ஓடுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். நானும் சொல்லவில்லை, எனக்கே தெரிந்திருக்கவில்லை.

அடுத்தது ஆபீஸில் கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி கொடுத்தது. அவளுடைய அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த எல்.இ.டி. விளக்கு. அப்போதெல்லாம் அது புதுசு. உள்ளங்கைக்குள் அடங்கும், பாசிமணி மாதிரி மூன்று சின்ன விளக்குகள், எடையே தெரியாது. ஒரு தடவை பேட்டரி போட்டால் நூறு மணி நேரம் எரியும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. வாங்கியே தீருவேன் என்று சொன்னபோது குழுவை நடத்தியவரும் இதைத்தான் சிபாரிசு செய்தார். நடந்து பார்த்தேன், பிரமாதமாக இருந்தது. ஓடிப் பார்த்தேன். காலைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம், எட்டு பத்து அடிக்கு. அதற்கு அப்பால் கறுப்பு. வட்டத்துக்குள் ஒரு கல் வந்து, அதை மூளை கல் என்று புரிந்துகொள்வதற்குள் கால் அதன்மேல் இருந்தது. மைதானத்து ஓரம் ஒரு மரவேரில் இடறிக் குப்புற விழுந்தேன். நல்லவேளை, மணிக்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தரையில் உட்கார்ந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. இந்த விளக்கு கெட்ட விளக்கு இல்லை. வழியை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள், நாம் காலடியை மட்டும் பார்த்தால் போதும் என்கிறவர்களுக்கு இதைவிட நல்லது கிடைக்காது. அதனால்தான் இதை எனக்குச் சிபாரிசு செய்தார்கள். முன்னால் ஓடுகிறவருக்குத் தூரத்துக்கு அடிக்க வேண்டும். வளைவு எங்கே, பள்ளம் எங்கே, பாறை எங்கே முடிகிறது என்று வேகத்தைக் குறைக்காமல் தெரிய வேண்டும்.

அப்படிப்பட்ட விளக்கைக் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கூடாரக் கடையில் பார்த்தேன். கூடாரம், கயிறு, மலையேறும் ஷூ எல்லாம் விற்கிற கடை. கடைக்காரர் நடுத்தர வயதுக் கன்னடக்காரர். ஹெட்லாம்ப் என்றதும், கணவருக்கா என்று கேட்டார். எனக்கு என்றேன். உடனே அவர் கை வேறு அலமாரிக்குப் போனது. எடுத்து வைத்தது அதே உள்ளங்கை விளக்கு, அதிலும் ரோஸ் கலரில்.

மேல்தட்டில் இருந்ததைக் கை காட்டினேன். அது கனம், உங்களுக்குக் கழுத்து வலிக்கும் என்றார். என் கழுத்தைப் பற்றிய கவலை எனக்கு என்று கன்னடத்தில் சொன்னேன். எடுத்து வைத்தார். முன்னால் குவிந்து அடிக்கிற ஒரு பல்பு, அதோடு மூன்று எல்.இ.டி. எது வேண்டுமோ அதைத் திருகிப் போட்டுக்கொள்ளலாம். பேட்டரிப் பெட்டி தலைக்குப் பின்னால் தனியாக இருந்ததால் முன்பக்கம் இழுக்கவில்லை. எல்லாவற்றையும்விட, அதற்கு வேண்டியது சாதாரணப் பென்சில் பேட்டரிதான்; எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

இருட்டில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். பகல் பன்னிரண்டு மணிக்கு இருட்டுக்கு எங்கே போவது என்று சிரித்தார்.

"உங்க குடோன்ல ஜன்னல் இருக்கா?" என்று கேட்டேன்.

ஜன்னல் இல்லை. ஆனால் வாடிக்கையாளரை உள்ளே விடுகிற வழக்கமும் இல்லை. அவர் யோசித்துக்கொண்டே நிற்க, கல்லாவில் இருந்த அவர் மனைவி தலையைத் தூக்காமலே, "ஹோக்லி பிடி, நோட்லி" என்றார். விடுங்க, பார்க்கட்டும் என்று. எனக்காக அந்தக் கடையில் பேசிய ஒரே வாக்கியம் அது.

சுருட்டி வைத்த கூடாரங்களுக்கு நடுவே கதவைச் சாத்திக்கொண்டு கால்மணி நேரம் இருந்தேன். இரண்டு விளக்கையும் மாற்றி மாற்றிப் போட்டு, நின்ற இடத்தில் குதித்தேன். பையில் கொண்டுவந்திருந்த கம்பளிக் கையுறையைப் போட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். ரோஸ் விளக்கின் பொத்தான் கையுறைக்கு அகப்படவே இல்லை. பெரிய விளக்கின் திருகு அகப்பட்டது. பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ரோஸ் விளக்கின் மூடியைத் திறக்கக் காசு விளிம்பை விட்டு நெம்ப வேண்டியிருந்தது. பனியில் விரல் மரத்த நேரத்தில் காசுக்கு எங்கே போவது? பெரிய விளக்கு கட்டைவிரலுக்கே திறந்தது. ஐந்தாவது முயற்சியில், தப்பில்லாமல், இருட்டிலேயே நான்கு பேட்டரியும் மாற்றி எரியவிட்டேன். வெளியே வந்தபோது மேலெல்லாம் வியர்வை. இதுதான் வேண்டும் என்றேன். கடைக்காரர் கடைசி வரைக்கும் ரோஸ் விளக்கை மேஜையிலிருந்து எடுக்கவில்லை.

இனி வீட்டைச் சொல்ல வேண்டும். அப்பா தங்கவயலில் முப்பது வருஷம் சுரங்க வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியதும் அவரும் அம்மாவும் என்னோடு பெங்களூருக்கு வந்துவிட்டார்கள். பூமிக்குக் கீழே அவர் போட்டிருந்ததும் தலை விளக்குதான். இடுப்பில் செங்கல் கனத்துக்கு ஒரு பேட்டரி, முதுகு வழியாக ஒயர், தொப்பியில் விளக்கு. அதைப் பற்றியெல்லாம் கதை சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. கேட்டால் எழுந்து போய்விடுவார்.

அன்று இரவு மொட்டை மாடியில் விளக்கை மாட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்கும் அந்தப் பக்கம் இருந்த தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரிந்தது. சந்தோஷத்தில் திரும்பினால் மாடிப்படியில் அப்பா நிற்கிறார். வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது. கையால் மறைத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றார்.

"இன்னா அது தலையில?"

சொன்னேன். ஓட்டத்துக்கு, பிறகு இமயமலைக்கு.

"கழட்டு."

"ஏன்?"

"நான் முப்பது வருஷம் அதை மாட்டிக்கினு இருட்டுல போனது இன்னாத்துக்கு? என் பசங்க யாரும் மாட்டக்கூடாதுன்னுதான். நீ காசு குடுத்து வாங்கியாந்து மாட்டிக்கினு நிக்கிற."

விளக்கை அணைத்தேன், கழற்றவில்லை. "நீங்க கீழ போனீங்கப்பா. வேற வழி இல்லாம போனீங்க. நான் மேல போறேன், நானா கேட்டுப் போறேன்."

"இருட்டு எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதன் பிறகு பத்து நாள் என்னோடு பேசவில்லை. அவர் சொன்னது தப்பு என்று எனக்கு இன்று வரை தோன்றவில்லை. ஆனால் அவருக்கு இருந்த காரணம் அவருடையது. அதற்காக நான் ஐந்து மணிக்கு எழுந்திருப்பதை நிறுத்த முடியாது. தினமும் அவர் வாசலில் பேப்பருக்காகக் காத்திருக்கும்போதுதான் நான் விளக்கோடு ஓடித் திரும்பி வருவேன். அவர் பேப்பர்காரன் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மா இதில் எந்தப் பக்கமும் சேரவில்லை. விளக்கு ஓடும்போது இன்னும் கொஞ்சம் இறங்குகிறது என்று நான் முனகியதைக் கேட்டு, பாவாடைக்குப் போடுகிற அகல எலாஸ்டிக்கில் உச்சந்தலை வழியாக ஒரு பட்டை தைத்துக் கொடுத்தார். அதன் பிறகு அது அசையவே இல்லை.

ஓட்டத்து நாள் வந்தது. ஒரு வேனில் பதினான்கு பேர் போய் இறங்கினோம், அதில் பெண்கள் மூன்று பேர். மற்ற இருவரும் விளக்கு கொண்டுவரவில்லை. விரும்பினால் என்றுதானே போட்டிருந்தது. நிலா இல்லாத நாள். குழுவை நடத்தியவர் எங்களை வரிசையாக நிறுத்தி, மூன்று பெண்களையும் நடுவில் வைத்தார். என் தலையில் இருந்ததைப் பார்த்து, இது ரொம்ப ஓவர் என்று சிரித்தார். நான் நின்ற இடத்திலிருந்தே ஓட ஆரம்பித்தேன்.

கால் மைல் கூடப் போகவில்லை, எனக்கு முன்னால் ஓடியவர் நின்றுவிட்டார். என் வெளிச்சம் அவர் முதுகில் விழுந்து, அவர் நிழலே அவருக்கு முன்னால் நீளமாகப் போய் வழியை மறைக்கிறது. கால் வைக்கிற இடம் தெரியவில்லை என்றார். அவர் சொன்னது உண்மை. விளக்கு வாங்கும்போது நான் யோசிக்காத விஷயம் அது. குழுவை நடத்தியவர் முன்னாலிருந்து திரும்பி வந்தார்.

"லைட்டை ஆஃப் பண்ணிடுங்க. எங்க வெளிச்சத்துலயே வாங்க."

"ஆஃப் பண்ண மாட்டேன். என்னை முன்னாடி விடுங்க, யாருக்கும் நிழல் விழாது."

"அதெப்படிங்க..."

"லைட் உங்களுக்குப் பின்னாடி இருந்தாத்தானே தொந்தரவு?"

பதினான்கு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர், போகட்டுமே, லேட் ஆகிறது என்றார். குழுவை நடத்தியவர் விலகிக்கொண்டார். நான் வரிசையைத் தாண்டி முன்னால் போனேன்.

எதிரே யாருடைய முதுகும் இல்லாமல், வெறும் பாறையும் புல்லும் மட்டும் வெளிச்சத்தில் விரிந்து வருவதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். தூரத்தில் ஒரு முயலின் கண் சிவப்பாக மின்னி மறைந்தது. எவ்வளவு நேரம் அப்படி ஓடினேன் என்று தெரியாது. என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் மலையேறியதில்லை.

பிறகு வழி தப்பினேன். பாறையில் வெள்ளைப் பெயின்ட்டில் போட்டிருந்த அம்புக்குறி இடது பக்கம் திரும்பச் சொல்லியிருக்கிறது. என் வெளிச்சம் குவிந்து நேராகத் தூரத்துக்கு அடித்துக்கொண்டிருந்ததால், பக்கத்தில் இருந்த அம்பு கண்ணில் படவில்லை. எல்லாரையும் நேராக ஒரு முட்புதருக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். இலந்தை முள். ஒருவர் சட்டை கிழிந்தது, எனக்கு இரண்டு முழங்கையிலும் ரத்தம். பின்னாலிருந்து சிரிப்பு கேட்டது. குழுவை நடத்தியவர் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து, "சொன்னேன்ல?" என்றார். "வாங்க, பழையபடி நடுவுல வந்துடுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

என் முகம் சூடாகியிருந்தது. தப்பு என்னுடையதுதான். ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால், பட்டப்பகலில், இதே ஆள் எங்களை ராமநகரத்துப் பாறைகளில் இரண்டு மணி நேரம் சுற்ற வைத்தார். அப்போது அவரை யாரும் நடுவில் போய் நிற்கச் சொல்லவில்லை. வழி தப்பினால் திரும்பி வந்து வழியைக் கண்டுபிடிப்பார்கள், அவ்வளவுதானே?

"வழி தப்பினது நான்தான். நானே கண்டுபிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் திரும்பினேன். விளக்கைத் திருகி எல்.இ.டி.யைப் போட்டேன். அகலமாக, கிட்டத்திலேயே வெளிச்சம் பரவியது. பாறைகளின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இறங்கி வந்தேன். ஐந்து நிமிஷத்தில் அம்புக்குறி அகப்பட்டது. அதிலிருந்து உச்சி வரைக்கும் இப்படித்தான் போனேன்: நேர்வழியில் பல்பு, சந்தேகமான இடத்தில் எல்.இ.டி. இன்னும் ஒரு தடவை தயங்கி நின்றேன், வழி தப்பவில்லை. உச்சியில் போய் உட்கார்ந்தபோது கிழக்கே லேசாகச் சாம்பல் நிறம் தட்டியிருந்தது. விளக்கில்லாமல் வந்த இரண்டு பெண்களில் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இது எந்தக் கடையில் என்று கேட்டாள். குழுவை நடத்தியவர் அன்று திரும்பும் வழியில் வேனில் என்னோடு பேசவில்லை. வீட்டில் அப்பா, வெளியில் இவர் என்று ஆகிவிட்டதே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அதன் பிறகு படிவம். பயிற்சி நிலையத்தின் படிவத்தில் கடைசிப் பக்கம், பெற்றோர் சம்மதம். விபத்து நேர்ந்தால் நிலையம் பொறுப்பல்ல என்று ஒரு பத்தி, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. யார் சேர்ந்தாலும் அது வேண்டும். நானே சம்பாதித்து நானே வாடகை கொடுக்கிற வீட்டில், முப்பத்தொரு வயதில், அப்பா முன்னால் அதை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாக ஒவ்வொரு வரியும் படித்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் சுரங்கத்தில் பாறை சரிந்தபோதும் இந்த மாதிரி, கம்பெனி பொறுப்பல்ல என்கிற ஒரு தாளைத்தான் காட்டினார்கள் என்று சொன்னார்.  கையெழுத்துப் போடாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் கெஞ்சவில்லை. அப்பாவுடைய பயம் எனக்குப் புரிந்தது, ஆனால் போகாமல் இருக்க முடியாது. சமையலறைக்குப் போய் அம்மாவிடம் நீட்டினேன். பெற்றோர் என்று போட்டிருக்கிறது, நீயும் பெற்றவள்தானே என்றேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "உங்க அப்பா என்னைத் திட்டினா நீதான் பதில் சொல்லணும்" என்றார். தமிழில், ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

மே மாதம் மூன்று நாள் ரயிலும் பஸ்ஸுமாகப் போய்ச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றி நிறையச் சொல்லலாம். இங்கே விளக்கு மட்டும். குளிரில் பேட்டரி பாதி நேரத்தில் செத்துப்போகும் என்று முதல் வாரமே பட்டுத் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து நான்கு பேட்டரியையும் ஒரு சாக்ஸுக்குள் போட்டு, தூங்கும் பைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு படுப்பேன். கிளம்பும்போதுதான் விளக்கில் போடுவேன். முதுகுப் பைக்குள் விளக்கு தானாக எரிந்து தீர்ந்துபோகவும் அதனால் வழியில்லை. அதிகாலை இரண்டு மணிக்குக் கூடாரத்துக்குள், கண்ணைத் திறக்காமலே அதை மாட்டிவிடும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

கடைசி வாரம், உயரத்துக்கு ஏறும் நாள். நான்கு பேருக்கு ஒரு கயிறு. முன்னால் யார் போவது என்பதற்கு முறை வைத்திருந்தார்கள், அன்று என் முறை. விளக்கை எரியவிட்டு, கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு கூடாரங்களைத் தாண்டி வந்தேன். பனிச்சரிவுக்கு வந்ததும் பயிற்சியாளர் எல்லாரையும் நிறுத்தினார். நடுத்தர வயது, மலைக்காரர், அதிகம் பேசாதவர்.

"எல்லாரும் லைட்டை அணைங்க" என்று இந்தியில் சொன்னார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த விளக்கை அணை, கழற்று என்று சொன்ன எல்லாருடைய முகமும் ஒரு நொடி வந்து போயிற்று. சுற்றிப் பார்த்தேன். முப்பத்தைந்து பேரும் கையைத் தலைக்குக் கொண்டுபோனார்கள். பயிற்சியாளரும் தன்னுடையதை அணைத்தார். நானும் அணைத்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல மலை முழுக்க வந்தது. பின்னால் முழு நிலா, முன்னால் பனி. ஒவ்வொரு வெடிப்பும் நீலக்கோடாகத் தெரிந்தது. எந்தப் பேட்டரியும் அவ்வளவு தூரம் அடிக்காது. போ என்று கயிற்றை லேசாகச் சுண்டினார் பயிற்சியாளர். நான் முன்னால் நடந்தேன். பின்னால் மூன்று பேர் என் காலடித் தடத்தில் கால் வைத்து வந்தார்கள்.

பயிற்சி முடிந்து இறங்கி வந்ததும் மலையடிவாரக் கடைத்தெருவில் ஓர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். முகம் முழுக்கத் தோல் உரிந்திருந்தது. வரிசையில் நின்று, வீட்டு நம்பரைப் போட்டேன். அப்பாதான் எடுத்தார்.  மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"கை கால் எல்லாம் இருக்கா?" என்றார்.

"இருக்குப்பா."

"முடிஞ்சுதா?"

"இது முடிஞ்சுது. இதுக்கு அடுத்த கோர்ஸ் ஒண்ணு இருக்கு, செப்டம்பர்ல. அதுக்கும் சேரப் போறேன்."

 வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அம்மா இருக்குது, குடுக்கிறேன்" என்றார் அப்பா.